சைக்கிள் தாத்தா

செந்தூர்பாண்டியின் முதுகைப் பார்த்தாலே அய்யாதுரைக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கோஷ்டியோடு கிளம்பிய காலையிலிருந்து அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார். ஆனைக்குட்டம் அணைக்கரையில் ஏறியபோது அது முன்னால் போனது. அர்ச்சுனா நதி மணலில் எல்லோரும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தபோதும் அதுதான் முன்னால். இப்போது மலையடிவாரத்துச் சரளைப் பாதையில், பாட்டு வேறு பாடிக்கொண்டு போகிறது.

அய்யாதுரைக்கு மூச்சு இரைத்தது.

நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற மனிதர் அவர். சிவகாசிக்குள் அவரை முந்திக்கொண்டு பேசவே ஆட்கள் யோசிப்பார்கள். இங்கே விருதுநகர்ப் பருப்பு வியாபாரி ஒருவர் கிளப்பிவிடும் புழுதியை விழுங்கிக்கொண்டு பின்னாலேயே போகவேண்டி இருக்கிறது.

இத்தனைக்கும் இருவருக்கும் ஒரே வயது. அய்யாதுரையின் சைக்கிள்தான் விலை கூடியது. மலையில் அது தானாகவே ஏறிவிடும் என்கிற மாதிரி பேசித்தான் கடைக்காரர் அவர் தலையில் கட்டியிருந்தார்.

"இன்னுங் கொஞ்ச தூரந்தான், வாங்க! மோரு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கு!" என்று செந்தூர்பாண்டி திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

நமக்காகவாம். அய்யாதுரை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

மாந்தோப்பு வளைவில் அந்த மோர் கொடுக்கும் வீடு தெரிந்தது. கூட வந்த இளவட்டங்கள் எல்லாம் புழுதிக்குக் கட்டியிருந்த முகத்துணியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார்கள். அய்யாதுரை தன்னுடையதை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார். கூலிங்கிளாஸையும் கழற்றவில்லை.

வேலியோரத்திலேயே நின்றுகொண்டார்.

வாசலில் கிடந்த நாய் எல்லோரையும் பார்த்துக் குரைத்தது, செந்தூர்பாண்டியைப் பார்த்து மட்டும் வாலை ஆட்டியது. அவர் சைக்கிளைக் கிணற்றுச் சுவரில் சாய்த்தார். கேட்காமலேயே தொட்டித் தண்ணீரை மொண்டு முகம் கழுவினார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தும் கொண்டார்.

இவர் என்ன, இந்த வீட்டுச் சம்பந்தியா? அய்யாதுரை உள்ளுக்குள் பொருமினார்.

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குழந்தை தத்தக்கா பித்தக்கா என்று ஓடி வந்தது.

"சைக்கிள் தாத்தா!"

ஓடி வந்த வேகத்தில் செந்தூர்பாண்டியின் காலைக் கட்டிக்கொண்டது. அவர் அதைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்தார். குழந்தை ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரித்தது.

நின்றுகொண்டிருந்த தன் சைக்கிளின் பிரேக்கை அய்யாதுரை இறுக்கிப் பிடித்திருந்தார்.

செந்தூர்பாண்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்த படத்தில் இதே சீட்டில் இதே குழந்தை இப்படித்தான் சிரித்தது; பக்கத்தில் அதன் அம்மாவும் நின்றாள். அதைப் பார்த்த மறுநாள்தான் அய்யாதுரை சைக்கிள் வாங்கினார். சுகருக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாக வீட்டில் ஒரு பொய்யும் சொல்லிவைத்தார்.

தாத்தாவாமே, தாத்தா! எந்த ஊர்த் தாத்தா? மோர் குடிக்க வந்த ஆளுக்கு என்ன இந்த உரிமை?

நைட்டியும் மேலே ஒரு துண்டுமாக, வீட்டுக்காரப் பெண் மோர்ச் சட்டியோடு வெளியே வந்தாள். வந்ததும் வராததுமாக செந்தூர்பாண்டியிடம்தான் பேசினாள். அவர் வீட்டு அத்தைக்கு முட்டுவலி தேவலையா என்று கேட்டாள். போன வாரம் ஏன் வரவில்லை என்று கோபித்துக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல, துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அய்யாதுரைக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பாவி மனிதன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதையெல்லாம் அனுபவித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஊருக்குத் திரும்புகிறார்.

அவள் ஒவ்வொருவருக்காக மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு வந்தாள். வேலிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். சட்டியை வாசல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சட்டியில் மோர் இன்னும் இருந்தது. போனவள் திரும்பி வரவில்லை.

ஊரெல்லாம் குடிக்கலாம், நமக்கு மட்டும் ஒரு வாய் இல்லை. அய்யாதுரை சைக்கிளைத் திருப்பினார். வந்திருக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டார். காலைத் தூக்கிப் போட்டு ஏறப்போன நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

அவள் ஒரு டம்ளரைத் துண்டு நுனியால் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினாள். அதிலிருந்து ஆவி வந்தது.

வெந்நீர்.

மோர் குடித்தால் அய்யாதுரைக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். கூட வந்தவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

"அப்பா, சூடா இருக்கு. ஊதிக் குடிங்க."

அவள் பெயர் ஸ்ரீமதி. இந்தத் தோப்புக்காரப் பையனை அவளாகவே பார்த்துக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தவர் அவர்தான்.

டம்ளரை வாங்கினார். வெந்நீர் விரலில் சிந்தியது. கூலிங்கிளாஸைக் கழற்றினார். முகத்துணியை இறக்கினார்.

ஸ்ரீமதி அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, இங்கன ஓடி வா. தாத்தா வந்திருக்காக, பாரு."

குழந்தை சீட்டில் இருந்தபடியே அய்யாதுரையை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு செந்தூர்பாண்டியின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.