அச்சு அசல்

"அண்ணே, இந்த கூட்ஸ் ஷெட்டைத் தப்பான இடத்துல வச்சிருக்கீங்க."

டெய்லரின் கையிலிருந்த குட்டி எஞ்சின் நழுவப் பார்த்தது. காலையிலிருந்து எத்தனையோ பேர் வந்து "அடேயப்பா" போட்டுவிட்டுப் போனார்கள். குறை சொல்ல ஒருத்தி, அதுவும் நடுவர்கள் பக்கத்து மேஜைக்கு வந்துவிட்ட நேரமாகப் பார்த்து வந்து நிற்கிறாள்.

மாதிரி ரயில் கண்காட்சியில் அவர் சேர்ந்திருந்த போட்டிக்குப் பெயரே 'அச்சு அசல்'. உண்மையிலேயே இருக்கும் ஒரு ஸ்டேஷனை உள்ளது உள்ளபடி செய்துகாட்ட வேண்டும். ஏதாவது ஒன்று இடம் மாறினாலும் ஆள் அவுட். போன வருடம் ஒரு விளக்குக் கம்பம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டதற்காக அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானத்தில் ஒரு வாரம் அவர் யாருக்கும் சட்டை தைக்கவில்லை.

இந்தத் தடவை விடக்கூடாதென்று, தன் கடை இருக்கும் தெருவின் ஸ்டேஷனையே எடுத்துக்கொண்டார். பிளாட்பாரம், சிக்னல், லெவல் கிராசிங், கடைகள் என்று எல்லாவற்றையும் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பால் அளந்தார். "ஸ்டேஷனுக்கு ஜாக்கெட் தைக்கப் போறாரு" என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். இதோ, தீக்குச்சியில் ஸ்லீப்பர் கட்டைகள், சாயம் ஏற்றிய மரத்தூளில் புல், அட்டையில் அவருடைய கடை. கடைக்குள்ளே சுண்டுவிரல் நக அளவில் ஒரு தையல் மிஷின் கூட உண்டு.

"எதும்மா தப்பு?" என்று குரலைத் தணித்துக் கேட்டார்.

"இது உங்க கடைதானே? இதுல உக்காந்து பார்த்தா லெவல் கிராசிங் கேட் நல்லாத் தெரியணும். நீங்க நடுவுல ஷெட்டை நிறுத்தி மறைச்சுட்டீங்க."

"தெரியும்னு யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுதே."

"பொழுதன்னைக்கும் அங்க உக்காந்திருக்கிறவன் நானா, ஊரா?"

கண்ட்ரோல் பெட்டியைப் பிடித்திருந்த மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். "என்னங்க, அவங்ககிட்ட எதுக்கு மல்லுக்கட்டுறீங்க? விடுங்க."

"நீ சும்மா இரு. வண்டியைப் பாரு."

அதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். தலைமை நடுவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, "ஓடட்டும்" என்றார். மனைவி பொத்தானை அழுத்தினாள். ரயில் வளைவில் திரும்பியது. அது நெருங்க நெருங்க, லெவல் கிராசிங் கேட் தானாகவே இறங்கி மூடிக்கொண்டது. கூட்டம் கை தட்டியது.

"போன மாசம் நிஜ கேட்டும் இப்படி மூடியிருந்தா அந்த வேன் ரயில்ல அடிபடாமத் தப்பிச்சிருக்கும்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"சார், ஷெட் தப்பான இடத்துல இருக்கு" என்றாள் அந்தப் பெண், எல்லாருக்கும் கேட்கும்படி.

தலைமை நடுவரின் பேனா நின்றது. "என்ன டெய்லர், போன வருஷம் விளக்குக் கம்பம், இந்த வருஷம் கூட்ஸ் ஷெட்டா?"

நடுவர் குனிந்தார். மேஜையில் கன்னத்தை வைத்து, அட்டைக் கடையின் வாசலிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"இங்கிருந்து ஷெட்டோட சுவர்தான் தெரியுது. கேட் துளி கூடத் தெரியலை. நிஜத்துலயும் இப்படித்தானா?"

"இல்லை சார். கேட் திறந்திருக்கா மூடியிருக்கான்னு கடையில இருந்தபடியே சொல்லலாம்" என்றாள் அவள்.

"ஆமா சார்" என்றாள் டெய்லரின் மனைவி. "அவங்க சொல்றதுதான் சரி. நாங்கதான் மாத்தி வச்சுட்டோம்."

ஒரு வருட உழைப்புக்குக் கட்டிய பெண்டாட்டியே குழி பறிக்கிறாளே! நடுவர் அவருடைய பெயரை அடிக்கப் பேனாவைத் தாளில் வைத்தார்.

"அடிக்காதீங்க சார்!" அடித்தொண்டையிலிருந்து கத்தினார் டெய்லர். "என் பொண்டாட்டி கடைப் பக்கமே வந்ததில்லை. இவளுக்கு என்ன தெரியும்? கடையில உக்காந்தா ஷெட் சுவரைத் தவிர ஒண்ணும் தெரியாது சார். கேட்டைப் பார்க்கணும்னா கடையை விட்டு இறங்கி ஷெட்டைச் சுத்திக்கிட்டுப் போகணும். டேப் வச்சு அளந்தவன் சொல்றேன். கோர்ட்டுல கூண்டு ஏறிச் சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்லுவேன்!"

மனைவி கண்ட்ரோல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொரு நடுவர் செல்போனில் மேப்பைத் திறந்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். டெய்லர் இஞ்ச் டேப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"டெய்லர் சொல்றதுதான் சரி. கடைக்கும் கேட்டுக்கும் நடுவுலதான் ஷெட் இருக்கு."

"அப்போ பேச்சே இல்லை. முதல் பரிசு இவருக்குத்தான்" என்றார் தலைமை நடுவர்.

கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. டெய்லர் நெஞ்சை நிமிர்த்தி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "இப்பவாவது நம்புறியாம்மா?"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்புறேண்ணே. கோர்ட்டெல்லாம் வேணாம், திங்கட்கிழமை ரயில்வே விசாரணையில இதையே சொல்லிடுங்க. வேன் மோதினப்ப கேட் திறந்து கிடந்ததைக் கடையில உக்காந்தபடியே பார்த்தேன்னு நீங்க சொன்ன சாட்சிதான், கேட் கீப்பரா இருந்த என் வீட்டுக்காரரை வீட்டுல உக்கார வச்சிருக்கு."