இந்த வருடத்துக் கடல்

“எங்கத்தாகிட்டச் சொல்லிருவீகளா, மாமா?”

ஒரு காலத்தில் ஒரு பையன், தகப்பனுக்குப் பயந்து, நடுங்கிக்கொண்டே கேட்ட கேள்வி இது. கேட்கப்பட்டவர் காய்ந்த துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டிவிட்டார். அவ்வளவுதான்.

இப்போது ஓடைப்பட்டியில், கவாத்து முடிந்த திராட்சைப் பந்தலின் கீழே, ரியாசுதீன் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

கொடி துளிர்த்து மருந்தடிப்பு தொடங்குவதற்குள் கிடைக்கும் சில நாட்கள்தான் வருடத்தில் அவனுக்குக் கடல். கரையில் நின்று கால் நனைக்கிற கடல் அல்ல. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு அடிவரை போய்வருகிற ஸ்கூபா.

அந்தமான் பார்த்தாயிற்று. நேத்ராணித் தீவும் புதுச்சேரியும் ஆயிற்று. இந்த வருடம் புது இடம் வேண்டும். மாலத்தீவு கையைக் கடித்தது. லட்சத்தீவுக்கு அனுமதி வாங்குவதற்குள் கொடியே காய்த்துவிடும். கட்டுப்படியாகிற இடம் என்று மிஞ்சியது இலங்கையின் திருகோணமலைதான்.

கம்பத்திலிருந்து கூட்டாளி அஸ்லம் குரல்செய்தி அனுப்பியிருந்தான். “ஏலே மாப்ள, டிக்கெட் வெல ஏறிக்கிட்டே போகுது. பொண்ணு பாக்க வந்தவென் கணக்கா பாத்துக்கிட்டே இருக்காத. பொழுது சாயறதுக்குள்ள எந்தக் கடல்னு சொல்லு.”

சொல்லிவிடலாம். ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. எழுந்தான், நடந்தான், உட்கார்ந்தான். ஒரு பவளப்பாறைப் படத்தைப் பெரிதாக்கினான். பார்க்காமலே மூடினான்.

வேலிக்கு அந்தப் பக்கம் சுருளிராஜன் மாமா காலையிலிருந்து தன் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். வாயைத் துண்டால் பொத்தியிருந்தார்.

மறுநாள் அவர் மகள் சுபாஸ்ரீக்கு நிச்சயதார்த்தம். போடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெண்ணைப் பெற்றவரோ விடிந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் மனைவி சண்முகத்தாய் வேலியோரம் வந்து நின்றாள்.

“பாத்தியாய்யா ஒங்க மாமாவ. சம்மந்தம் புடிக்கலன்னா அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கணும். இப்ப வாயக் கட்டிக்கிட்டு, செக்கு மாடு கணக்கா கெணத்தச் சுத்துறாக. அப்பாவுக்கு இஷ்டமில்லன்னா அவுகள வர வேணாம்னு சொல்லிருங்கன்னு புள்ள அழுதுக்கிட்டு கெடக்கு.”

“நான் கேட்டுப் பாக்குறேன், அத்த.”

போய்க் கேட்டான். மாமா தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஆட்டத்தில் துண்டு நழுவியது. கன்னம் இரண்டும் குழிந்து உள்ளே போயிருந்தன. சட்டென்று பொத்திக்கொண்டவர், கிணற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

ரியாசுதீன் அதற்குமேல் கேட்கவில்லை.

சாயங்காலம் வெற்றிலையும் பழமும் வாங்க அந்த வீட்டில் எல்லாரும் சின்னமனூருக்குக் கிளம்பினார்கள். “ஊமச்சாமி, ஏறுங்க. வாழத்தார நீங்கதேன் தூக்கணும்” என்று அத்தை அவரையும் ஆட்டோவில் ஏற்றினாள்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் ரியாசுதீன் வேலியைத் தாண்டினான். மோட்டார் ரூமில் மெயினை அணைத்தான். முகக்கண்ணாடியை மாட்டி, தண்ணீருக்குள் எரியும் டார்ச்சை மணிக்கட்டில் கட்டினான். காற்று உருளை இல்லை. அதெல்லாம் போகிற இடத்தில் வாடகைக்கு எடுப்பது.

எத்தனையோ கடலில் முங்கியவன் இந்தக் கிணற்றுப் பக்கம் மட்டும் வருவதில்லை. ஏன் என்று அவன் மனைவி ரெஹானா கேட்டிருக்கிறாள். சொன்னதில்லை.

பிஸ்மி சொல்லி, மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினான்.

அடியில் குளிர். கை பட்டதும் சகதி புகையாய்க் கிளம்பிக் கண்ணை மறைத்தது. மேலே வந்து, படியைப் பிடித்துக்கொண்டு, தெளியட்டும் என்று காத்திருந்தான். பழைய பயம் இத்தனை வருடமும் இங்கேயே குடியிருந்ததுபோல வந்து ஒட்டிக்கொண்டது. மறுபடி இறங்கினான். நசுங்கிய செம்பு ஒன்று. பழைய மோட்டார் குழாயின் துருப்பிடித்த புட்வால்வு. வெளிச்சத்துக்கு எட்டிப் பார்த்துவிட்டு விலகிய கெண்டை.

அப்புறம், படிக்கல்லுக்கு நேர் கீழே, சகதியின் மேல் ஒரு சிரிப்பு கிடந்தது.

மாமா தேனியில் கட்டிய பல்செட். மேல்வரிசை முழுதாக, பக்கத்திலேயே கீழ்வரிசை. கிணற்றுப் படியில் வைத்துக் கழுவாதீர்கள் என்று அத்தை எத்தனையோ தடவை சொன்னதுதான். அந்த அத்தைக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்றுதான் மனிதர் விடிந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

நல்ல தண்ணீரில் கழுவி, டம்ளரில் போட்டு மூடி, மோட்டார் ரூம் மாடத்தில் மாமாவின் சோப்புப் பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தான். தானே மறந்து வைத்துவிட்டதாக அவர் நினைத்துக்கொள்ளட்டும். மெயினைப் போட்டுவிட்டு வந்து படிக்கல்லில் உட்கார்ந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சின்னப் பையனாக இந்தக் கிணற்றில் மூழ்கிய அன்றைக்கும் இதே கல்லில்தான் அவனைக் கிடத்தினார்கள். கிடத்தினார்கள் என்ன, இருந்தது ஒரே ஒருவர்தான். குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு அவன் முதலில் கேட்டது, அத்தாவிடம் சொல்லிவிடுவீர்களா என்ற அந்தக் கேள்வியைத்தான்.

மாமா சொல்லவில்லை. அத்தா மௌத்தாகிக் கண்மூடும்வரை அவருக்குத் தெரியாது. அவனிடம்கூட மாமா அதை ஒருநாளும் ஞாபகப்படுத்தியதில்லை.

பக்கத்தில் வைத்திருந்த கைப்பேசி அடித்தது. அஸ்லம்.

“திருகோணமலைக்கே போட்ருலே” என்றான்.

“அப்பாடா. என்னலே, மூச்சு வாங்குது? எங்கன இருக்க?”

“தோட்டத்துலதேன். சும்மா நடந்தேன்.”

தூரத்தில் ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது. படியில் தன் ஈரக் கால்தடங்கள் மேட்டுவரை போயிருப்பதைப் பார்த்தான். தொட்டியில் ஒரு வாளி மொண்டு, அத்தனையின் மேலும் பரவலாக ஊற்றிவிட்டு, வேலியைத் தாண்டிப் போனான்.