சூடேறாத பிளக்

பந்தய வண்டியாச்சே, இன்ஜின் கொதிக்குமே என்று பயந்து, சூட்டை உடனே இறக்கிவிடும் ஸ்பார்க் பிளக்காகப் பார்த்து மாட்டினார்கள். சாது அது. இன்ஜினோ தேவைக்கு மேல் பெட்ரோல் குடித்தது. எரியாத மிச்சமெல்லாம் கரியாகி பிளக்கின் முகத்தில் அப்பியது.

“கொஞ்சம் குறைச்சுக் குடிப்பா. தீப்பொறி நின்னா என்னைக் கழட்டிடுவாங்க,” என்று கெஞ்சியது பிளக்.

“நீ கொஞ்சம் சூடாகேன்! கரி தானா எரிஞ்சு போகும்,” என்று உறுமியது இன்ஜின்.

“சூட்டைப் பிடிச்சு வைக்க எனக்குத் தெரியாதேப்பா.”

ஒருநாள் கரி மூடிப் பொறி நின்றது. பிளக்கைக் கழற்றிக் குப்பை டப்பாவில் போட்டுவிட்டு, சூடு தங்கும் பிளக்கை மாட்டினார்கள். அதனிடம் கரி அண்டவில்லை.

இன்ஜின் சீராக ஓடும் சத்தம் டப்பாவுக்குள் கேட்டது. “நல்லா இருக்கட்டும், சாமி,” என்றது பழைய பிளக்.

அப்போதும் அதற்குச் சூடு வரவில்லை.