மெழுகை உரித்த கோழிமுட்டை

மெர்லின் அப்போதுதான் முட்டையில் ஓவியம் போடப் பழகிக்கொண்டிருந்தாள். உருகிய மெழுகால் பூ வரைந்து, முட்டையைச் சிவப்புச் சாயத்தில் முக்க வேண்டும். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது.

வாத்துமுட்டை பெரிது என்பதால் அதன்மேல் நிறையப் பூ வரைந்தாள். கோழிமுட்டைக்கு ஒரே ஒரு பூ, அதுவும் கோணலாக. கோழிமுட்டைக்கு வயிறு எரிந்தது.

"பூவுலதான் நீ ஜெயிச்சே, நிறத்துல ஜெயிக்க விடுவேனா?" என்று சாயக் கிண்ணத்தின் விளிம்பில் உரசி உரசி, தன் மெழுகை உதிர்க்கத் தொடங்கியது.

"வேணாம் தங்கச்சி, மெழுகு இருக்கட்டும்" என்றது வாத்துமுட்டை.

"உனக்குப் பொறுக்கல!" என்று மிச்ச மெழுகையும் உதிர்த்துவிட்டுச் சாயத்தில் இறங்கியது கோழிமுட்டை.

இரண்டும் சாயத்திலிருந்து வெளியே வந்தபோது கோழிமுட்டை உடம்பெல்லாம் சிவப்பு. வாத்துமுட்டையோ அழுக்கு மெழுகோடு திட்டுத்திட்டாகக் கிடந்தது. கோழிமுட்டைக்குத் தலைகால் புரியவில்லை.

மெர்லின் வாத்துமுட்டையை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, உருகிய மெழுகைத் துணியால் துடைத்தாள். சிவப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கள் தெரிந்தன. பிறகு கோழிமுட்டையைக் காட்டினாள். திருப்பித் திருப்பித் துடைத்தாள். ஒன்றும் வரவில்லை.

கோழிமுட்டை வாத்துமுட்டையை முறைத்தது.

"உனக்கு மட்டும் நல்ல மெழுகாப் பார்த்துப் போட்டிருக்கா!"