ஒரு கேமுக்குத்தான் காசு

மூன்றுமே பாண்டிதுரைக்கு வேண்டும். அதுதான் சிக்கல்.

அடுத்த மாதம் ஒரு கார் ரேஸ் கேம் வருகிறது. அது வந்த கையோடு பேய் பங்களா. தீபாவளிக்கு வங்கிக் கொள்ளை. ஒவ்வொன்றும் ஐயாயிரத்துக்குக் குறையாது. மனைவி கார்த்திகாவோ, "இந்த வருசத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான். மேல வாங்குனா டிவியையே வித்துருவேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்வரை செல்போனில் மூன்றின் டிரெய்லரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பேய் பங்களாவைக் கார்த்திகா வீட்டில் போட விடமாட்டாள். கார் ரேஸ் சீக்கிரம் சலித்துவிடும். கொள்ளைதான் சரி என்று முடிவெடுத்தான். மழை ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகும் அந்தச் சிவப்புக் காரைப் பார்த்ததும் மறுபடி மனசு மாறிவிட்டது.

தேரடிப் பக்கம் புதிதாக ஒரு கேம் கடை. வாசலில் போர்டு: 'வரப்போகும் கேம்கள் பாதி விலையில். இன்றே பணம் கட்டுங்கள்.'

கல்லாவில் பியூலா இருந்தாள். கடைக்குச் சொந்தக்காரி. நாற்பது வயது இருக்கும்.

"மூணுமே பாதி விலைதானாக்கா?"

"மூணுமேதான் தம்பி. ஆனா முழுசா இப்பவே கட்டிரணும்."

"பில்லு?"

"கேம் வந்த பொறவு தாரேன்."

பாண்டிதுரை கடையை ஒரு நோட்டம் விட்டான். அலமாரியில் பாதி காலி டப்பாக்கள். நாளைக்கே ஷட்டரை இறக்கிவிட்டுப் போனால் இவளை எங்கே போய்த் தேடுவது?

எல்லாக் கடையிலும் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டான். "'நாகமலை வேட்டை' ரெண்டாம் பாகம் வருதாமே, அதுக்கும் கட்டலாமா?"

"தாராளமா. இப்ப அதுக்குத்தான் கிராக்கி. செத்த அசந்தா கிடைக்காது."

பாண்டிதுரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, அப்படி ஒரு கேமே கிடையாது. நானா யோசிச்ச பேரு அது."

பியூலா கல்லாவைச் சட்டென்று மூடினாள்.

"இல்லாத கேமுக்குப் பணம் கேக்கிய. போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு. எம்புட்டுப் பேருகிட்ட வாங்கியிருக்கியன்னு அவிய வந்து விசாரிப்பாவ."

"பொழப்பைக் கெடுத்துராதிய தம்பி."

"நான் ஏன்க்கா கெடுக்கேன்? மூணு கேமுக்கு உள்ள பணத்தைக் கல்லாவுலருந்து எடுத்து வைங்க. நான் நல்ல கடையாப் பாத்து வாங்கிக்கிடுதேன். இங்க வந்ததையே மறந்துருதேன்."

எதை வாங்குவது, எதை விடுவது என்ற தலைவலி ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. கார்த்திகா கோபிக்கவும் வழியில்லை. சொந்தக் காசில் ஒன்றுதானே வாங்கச் சொன்னாள்?

பியூலா எழுந்துபோய் உள்ளறையின் திரையை விலக்கினாள்.

"இங்கன வந்து வாங்கிக்கிடுங்க தம்பி. வாசல்ல போர்டு வச்சதே உங்களைப் பிடிக்கத்தான். ராஜபாளையத்துலயும் கிருஷ்ணன்கோவில்லயும் நீங்க இதே மாதிரி பேசிப் பணம் வாங்குன கடைக்காரவிய எல்லாரும், காலையிலேருந்து ஏட்டையாவோட உங்களுக்காகத்தான் உக்காந்திருக்காவ."