எட்டு மீட்டர் பூத்துணி

ஒரு வீட்டில் இரண்டு ஜன்னல்கள் இருந்தன. ஒன்று ஹாலில், இன்னொன்று சமையலறையில். வீட்டுக்காரி கோமளா இரண்டுக்கும் திரை தைக்க எட்டு மீட்டர் பூத்துணி வாங்கி வந்தாள்.

சமையலறை ஜன்னலுக்குப் பகீரென்றது. வீட்டுக்குள் நடப்பதை வேடிக்கை பார்ப்பதுதான் அதன் ஒரே பொழுதுபோக்கு. திரை வந்தால் எல்லாம் மறைந்துவிடும்.

“அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே துணியாம்” என்றது.

ஹால் ஜன்னல் கொதித்தது. “என்னது? தாளிக்கிற புகையில நிக்கிற உனக்கும், விருந்தாளிங்களைப் பாக்குற எனக்கும் ஒரே துணியா?”

“அதானே! உங்க அந்தஸ்துக்கு மடிப்பு மடிப்பா, கனமா தொங்க வேண்டாமா?”

கோமளா ஹால் ஜன்னலில் துணியை ஒற்றையாகப் பிடித்து அளவு பார்த்தாள். ஹால் ஜன்னல் டமாரென்று கதவை அடித்தது. இரட்டையாகப் பிடித்தாள். மறுபடியும் டமார்.

“அப்பப்பா, என்ன காத்து! கனமா இருந்தாதான் பறக்காம நிக்கும்” என்று எட்டு மீட்டரையும் ஹால் ஜன்னலுக்கே கனமாகத் தைத்து மாட்டினாள். வெயிலில் சோபா வெளுத்துவிடும் என்று இழுத்தும் மூடினாள். “சமையல்கட்டை யாரு வந்து பாக்கப் போறா?” என்று இன்னொன்றை அப்படியே விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று விருந்தாளிகள் வந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஹால் ஜன்னல் கேட்டது. “எனக்கு ஒண்ணுமே தெரியலடி. என்ன பண்றாங்க?”

சமையலறை ஜன்னல் வாசல் வழியாக ஹாலை எட்டிப் பார்த்தது. மூன்று பேரும் தலை குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

“உங்க மேல வெச்ச கண்ணை எடுக்கலக்கா” என்றது.