கண் வைக்காத தலை

கணினி விளையாட்டில் கட்டிகளை அடுக்கி வீடு கட்டுகிறவர்களுக்கு அலங்காரத் தலைகள் செய்துகொடுப்பது பஸ்மிலாவின் வேலை. சாய்ந்தமருதில் இருந்தபடியே நூறு முகமாவது செய்திருப்பாள். இந்த ஒரு தலைக்கு மட்டும் மூன்று நாளாகக் கண் வைக்கவில்லை.

வாப்பா பின்னால் வந்து நின்றார்.

"உருவம் செய்யாத எண்டு எத்தின தரம் செல்லியிருக்கன் மகள்?"

"அதான் வாப்பா, கண் வைக்கல்ல. கண்ணில்லாட்டி உருவமில்லத்தானே."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"முக்காட்டப் பச்சையாக்கு. இடது கன்னத்தில ஒரு மச்சம் வை."

"ஹறாம் எண்டீங்க. இப்ப நீங்களே செல்லித் தாறீங்க."

அவர் சிரிக்கவில்லை.

"உன்ட முகத்தப் பாத்தா செஞ்ச?"

"ஓம். கண்ணாடியில பாத்து. வேற எதப் பாத்துச் செய்ய?"

அவள் நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது ஊருக்குள் வந்த கடல், உம்மாவையும் வீட்டிலிருந்த படங்களையும் சேர்த்தே கொண்டுபோயிருந்தது.

வாப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணையும் வை மகள். கறுப்பு இல்ல, தேன் நிறம்."

உம்மாவின் கண் என்ன நிறம் என்று பஸ்மிலாவுக்கு அன்றுதான் தெரிந்தது.